முன்னால் போட்ட சைபர்

பயந்த சுபாவத்தை ஒரு படிப்பாக எழுதிக் காட்டி வேலை வாங்க முடியுமென்றால் சைபர் அக்காவுக்கு எந்தக் கம்பெனியிலும் முதல் நாற்காலி கிடைத்திருக்கும். வீட்டைப் பூட்டினால் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை நடந்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பி வந்து மூன்றாம் முறையும் இழுப்பாள். அடுப்பை அணைத்ததும் "மூடியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வாள். மனசுக்குள் சொன்னால் மறந்துபோகும், வாயால் சொன்னது காதில் நிற்கும் என்பது அவள் கட்சி. "யாருக்குடி சாட்சி சொல்ற?" என்று புருஷன் இருந்தவரை கேலி பண்ணிக்கொண்டிருந்தார். அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. கேட்க ஆளில்லாவிட்டாலும் சாட்சி சொல்வது நிற்கவில்லை.

லிஃப்ட் பராமரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாவது வருஷம் ஒரு மெக்கானிக், பரிசோதனைப் படிவத்தில் 40 என்று இருந்ததற்கு முன்னால் ஒரு 1 போட்டு 140 ஆக்கிவிட்டான். மாட்டிக்கொண்டவன் அவன், திட்டு வாங்கியது மொத்தக் கம்பெனியும். அன்றைக்கு முதலாளி புதுப் படிவம் அச்சடித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு கட்டங்கள். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது, நாற்பது என்றால் 0040 என்றே எழுத வேண்டும். மற்றவர்கள் இரண்டு மாதம் எழுதிவிட்டுப் பழைய குருடி கதவைத் திறடி என்று போய்விட்டார்கள். அக்கா மட்டும் விடவில்லை. படிவத்தில் மட்டுமல்ல, பால்கார அட்டையிலும் 0002 என்று எழுதினாள். அப்படித்தான் அந்தப் பட்டப்பெயர் வந்தது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. முன்னால் எத்தனை சைபர் போட்டாலும் மதிப்பு மாறாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உலகத்தில் அவள் பயப்படாமல் நம்பிய ஒருசில விஷயங்களில் அதுவும் ஒன்று.

கையெழுத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்தபோது அவளுக்கு வேலை கூடியது. லிஃப்டின் மூளை என்பது மொட்டைமாடி அறையில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் பலகை. அதோடு லேப்டாப்பை வயரால் இணைத்து, டீபக்கர் என்ற புரோகிராமைத் திறந்தால், பலகை உள்ளுக்குள் வைத்திருக்கும் எண்களைப் பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். கதவு எத்தனை விநாடி திறந்திருக்க வேண்டும், தளத்துக்கு எவ்வளவு தூரத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எல்லாம் அங்கே எண்ணாக இருக்கும். ஒரு எண் தப்பினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்த வேலையைக் கம்பெனியிலேயே அதிகமாகப் பயப்படுகிறவளிடம் கொடுத்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தாள். பதினாறு வருஷத்தில் ஒரு புகார் கிடையாது.

இந்த வாரம் திங்கட்கிழமை பழைய லேப்டாப் செத்துப்போனது. புதியதில் புது டீபக்கர். அதைப் போட்டுக்கொடுத்தவர் கம்பெனியின் ஒரே புரோகிராமர். ஐம்பது வயது, தூங்கி வழிகிற கண், நெஞ்சு வரை தாடி. ஆகவே அவர் பெயரும் தாடி.

"உள்ள இருக்கிற நம்பரை இது பதினாறின் கணக்குலதான் காட்டும்கா," என்றார் தாடி. "ஒம்பதுக்கு மேல A, B, C-ன்னு எழுத்து வரும். F வரைக்கும் போகும். பாத்து பயந்துராதீங்க."

"நான் எப்படி அடிக்கணும்?"

"நீங்க எப்பவும் போல அடிங்க."

எப்பவும் போல என்று அவர் சொன்னது ஒன்று, அவள் எடுத்துக்கொண்டது ஒன்று. அவளுக்கு எப்பவும் போல என்றால் நான்கு கட்டம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் புது லேப்டாப்போடு போனது ஒரு ஆறுமாடிக் கட்டிடத்துக்கு. ஆறாவது மாடி முழுக்கத் தையல் கம்பெனி. அங்கே லிஃப்டின் பலகை எரிந்து மூன்று வாரமாக எல்லோரும் படியேறிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி அக்காவின் தங்கை. பொத்தான் வைக்கிற பிரிவில் வேலை. வலது முழங்கால் தேய்ந்துபோய், ஒரு மாடிக்கு ஒரு முறை நின்று மூச்சுவாங்கித்தான் ஏற முடியும். "உங்க கம்பெனிதானக்கா பாக்குது, ஒரு வார்த்தை சொல்லேன்" என்று தினமும் போனில் பிடுங்கி எடுத்தாள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, கல்யாணம் பண்ணிவைத்தது எல்லாம் அக்காதான். முதலாளியிடம் நச்சரித்து, புதுப் பலகையைச் சீக்கிரம் வரவழைத்ததும் அக்காதான்.

மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து மூன்று எண்களை அடித்தாள். கதவுக்கு 0006. ஏற்றுக்கொண்டது. நடுத் தளங்களில் வேகம் குறைக்கும் தூரம் 190 சென்டிமீட்டர். 0190 என்று அடித்தாள். 'செல்லாத எண்' என்று சிவப்பு எழுத்து வந்தது. அக்காவுக்குத் திக்கென்றது. மறுபடி அடித்தாள், மறுபடி சிவப்பு. புது மெஷின் முரண்டு பிடிக்கிறது என்று நினைத்து, மனசில்லாமல் சைபரை எடுத்துவிட்டு 190 என்று அடித்ததும் வாங்கிக்கொண்டது. கடைசியாகக் கீழ்த்தளம். மேலிருந்து ஒரே ஓட்டமாக வருகிற பாரத்தை அங்கே நிறுத்த வேண்டும், கீழே பள்ளம் இருக்கிறது, அதனால் அதற்கு மட்டும் தூரம் அதிகம், 240. பழக்கம் விடுமா? 0240 என்று அடித்தாள். சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது.

பிறகு வழக்கப்படி சரிபார்த்தாள். 240 இருக்க வேண்டிய இடத்தில் A0 என்று காட்டியது. எழுத்து வரும், பயப்படாதே என்றுதானே தாடி சொன்னார்? மூன்று முறை திறந்து பார்த்தாள், மூன்று முறையும் அதே A0. நோட்டில் எழுதிக்கொண்டு, "பாத்தாச்சு" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆளில்லாமல் நான்கு தடவை மேலும் கீழும் ஓட்டினாள். நான்கு தடவையும் ஒழுங்காக நின்றது.

புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தாடி ஒரு கையில் டீக் கோப்பையும் மறுகையில் அவள் நோட்டுமாக வந்தார். பதிவேட்டில் ஏற்றுவதற்காகப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார்.

"அக்கா, கீழ்த்தளத்துக்கு A0-ன்னு எழுதியிருக்கீங்க. A0-ன்னா பத்துப் பதினாறு, நூத்தி அறுபதாச்சே."

"இல்லையே, இருநூத்தி நாப்பது."

"இருநூத்தி நாப்பதுன்னா F0 காட்டணும்கா. எப்படி அடிச்சீங்க?"

அவள் பேப்பரில் எழுதிக் காட்டினாள். 0240. தாடி கோப்பையை மேஜையில் வைத்தார். அவர் கண்ணில் தூக்கம் இல்லாததை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா... பழசு சைபரைக் கண்டுக்காது. முன்னாடி சைபர் போட்டா இந்தப் புது டீபக்கர் அதை எட்டின் கணக்குன்னு எடுத்துக்கும். ரெண்டு அறுபத்திநாலு, நாலு எட்டு. கூட்டிப் பாருங்க, நூத்தி அறுபது."

"அப்போ 0190-ஐ ஏன் வேணாம்னுச்சு?"

"எட்டின் கணக்குல ஒம்பதுங்கிற இலக்கமே கிடையாதுக்கா. அதான் துப்பிடுச்சு. ஒம்பது இல்லாததை முழுங்கிடுச்சு."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்பது சென்டிமீட்டர் தாமதமாக வேகத்தைக் குறைக்கும். காலி லிஃப்ட் என்றால் சமாளித்துவிடும், நேற்று சமாளித்தது. ஆள் நிறைய ஏறி ஆறாவது மாடியிலிருந்து நிற்காமல் இறங்கினால் சமாளிக்காது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பள்ளத்தில் இருக்கும் இரும்பு ஸ்பிரிங்கில் போய் மோதும். அப்படி மோதிய ஒரு லிஃப்டின் படிவத்தை அவளே டைப் அடித்திருக்கிறாள். ஆறு பேர், நான்கு முழங்கால், இரண்டு முதுகெலும்பு. ஒருவர் அப்புறம் நடக்கவேயில்லை.

இருவரும் போய்ச் சொன்னபோது முதலாளி முதலில் சிரித்தார். "நம்ம அக்காவா? தப்பா?" தாடியின் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நேத்து ஓட்டிப் பாத்தீங்கல்ல? நின்னுச்சா?"

"நின்னுச்சு. ஆனா ஆள் இல்லாம..."

"நின்னுச்சுல்ல, அப்புறம் என்ன? ஒரு மணிக்குத் தையல் கம்பெனிக்காரங்க எல்லாம் மேலயே சாப்பிடுவாங்க, லிஃப்ட் சும்மா கிடக்கும். அப்போ போய்ச் சத்தமில்லாம மாத்திட்டு வந்துருங்க. இப்ப போன் போட்டு நிறுத்துன்னு சொன்னா, அந்தக் கட்டிட மேனேஜர் எதுக்குன்னு கேப்பான். ஏற்கனவே மூணு வாரம் இழுத்ததுல கடுப்புல இருக்கான். இந்த ஒப்பந்தம் போனா, தாடி, நீங்க, நான், எல்லாரும் நடையைக் கட்ட வேண்டியதுதான்."

"சரிங்க," என்றாள் அக்கா.

ஆமாம், சரி என்றுதான் சொன்னாள். பதினோரு மணிக்கு ஆறாவது மாடியில் மணி அடிக்கும், டீக்காக எல்லோரும் முண்டியடித்து லிஃப்டில் ஏறுவார்கள் என்பது முதலாளிக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். தங்கை வாயிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் ஒரே தடவையில் ஏறமாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று வாரம் படியில் இறங்கிப் பழகியவர்கள், இன்றைக்கும் படியிலேயே இறங்குவார்கள். பிரேக்குக்குப் புதுக் கட்டை போட்டிருக்கிறது, பிடிக்கும். நாற்பத்தேழு வயசில் இந்த வேலை போனால் யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்? நல்லவேளை, தங்கை இன்றைக்கு லீவு, காலைக் காட்ட டாக்டரிடம் போகிறாள். கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்படியே பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள்.

மணி என்ன என்று பார்க்கத்தான் போனை எடுத்தாள். பத்து முப்பத்தேழு. தங்கையிடமிருந்து ஒரு குரல் செய்தி, காலை எட்டே முக்காலுக்கு வந்தது. காதில் வைத்தாள்.

"அக்கா, லிஃப்ட் ஓடுதாம்! லீவை கேன்சல் பண்ணிட்டேன், வேலைக்குக் கிளம்பிட்டேன். எதுக்கு வீணா ஒரு நாளைப் போக்கணும்? டாக்டர் எங்க ஓடிறப்போறாரு. உன் புண்ணியத்துல இன்னிக்கு ராணி மாதிரி போயிட்டு வரேன்."

அக்கா எழுந்ததும் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தங்கைக்குப் போன் போட்டாள். வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் அலமாரியில் பூட்டிக் கிடக்கும் என்று தெரிந்தும் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. பதிவேட்டிலிருந்து கட்டிடத்து வாட்ச்மேனின் எண்ணைக் கிழித்துக்கொண்டாள், லேப்டாப்பை எடுத்தாளா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை. "எங்க போறீங்க?" என்று முதலாளி கதவைத் திறந்து கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல நிற்கவில்லை. அன்றைக்குத்தான் அவள் எதையும் இழுத்துப் பார்க்காமல் ஒரு கதவைத் தாண்டிப் போனாள்.

டாக்சியில் உட்கார்ந்ததும் வாட்ச்மேனுக்குப் போட்டாள். மூன்றாவது முறை எடுத்தார்.

"லிஃப்டை நிறுத்துங்க! மெயினை ஆஃப் பண்ணுங்க!"

"யாரும்மா நீங்க? லிஃப்ட் அருமையா ஓடுது."

"நான்தான் நேத்து ரிப்பேர் பண்ண வந்தேன். அதுல யாரையும் ஏத்தாதீங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"மேனேஜர் சொல்லாம நான் கை வைக்க முடியாதும்மா. மூணு வாரமா என் உசிரை எடுத்தாங்க. இப்ப நிறுத்தினா என்னைத் தின்னுருவாங்க." வைத்துவிட்டார்.

சிக்னலில் சிவப்பு. டிரைவர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். "கொஞ்சம் சீக்கிரம் போங்களேன்," என்றாள். "பறக்கவா முடியும்?" என்றார் அவர். தங்கை லிஃப்டில் எப்போதும் பின்சுவரில் சாய்ந்து, வலது காலை மடக்காமல் நிற்பாள். மடக்காத கால்தான் முதலில் உடையும். அந்த நினைப்பை நிறுத்த முயன்றாள், அது திரும்பத் திரும்ப வந்தது. வாய்விட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

கட்டிடத்துக்குள் அவள் ஓடி நுழைந்தபோது பதினொன்று ஆக ஒரு நிமிஷம். வாட்ச்மேன் நாற்காலி காலியாக இருந்தது. லிஃப்ட் கதவுக்கு மேலே 6 என்று எரிந்துகொண்டிருந்தது. மேலே எங்கோ மணி அடித்தது, பிறகு பெண்களின் சிரிப்பும் செருப்புச் சத்தமும் லிஃப்ட் குழாய் வழியாக இறங்கி வந்தன. 6-க்குப் பக்கத்தில் கீழ்நோக்கி அம்புக்குறி விழுந்தது.

மெயின் சுவிட்ச் மொட்டைமாடியில். சாவி வாட்ச்மேனிடம். கத்தினால் கேட்காது. அப்போதுதான் அந்தச் சிவப்பு எழுத்து ஞாபகம் வந்தது. டீபக்கர் துப்பிய 0190. துப்பியதால் அதைச் சரியாக, 190 என்று, அடித்தாள். நடுத் தளங்களுக்கான எண் சரி. கீழ்த்தளத்து எண் மட்டும்தான் தப்பு. முதல் மாடியில் நிறுத்தினால் ஒழுங்காக நிற்கும்.

படியில் ஓடினாள். நாற்பத்தேழு வயசும், புடவையும், பாரமான உடம்பும் எல்லாம் சேர்ந்து ஓடின. ஒரு படியில் தடுக்கி முழங்கை சிராய்த்தது. முதல் மாடியில் சுவரிலிருந்த பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். விளக்கு எரிந்தது. மேலே 4. சில லிஃப்ட்கள் ஆள் நிறைந்திருந்தால் நடுவில் யார் கூப்பிட்டாலும் நிற்காது. இது எந்த வகை? ஆயிரம் படிவம் டைப் அடித்தவளுக்கு அந்த நிமிஷத்தில் அது மறந்துவிட்டது. 3. பொத்தானை அறைந்துகொண்டே இருந்தாள். 2. கதவுக்குப் பின்னால் கம்பிகள் உறுமும் சத்தம் கிட்டே வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சத்தம் குறைந்தது. கதவு திறந்தது.

உள்ளே பதினாலு பேர், நிற்க இடமில்லாமல். "வாங்க வாங்க, மடியில வேணா உக்காந்துக்கங்க," என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பின்சுவரில் சாய்ந்தபடி, காலை நீட்டிக்கொண்டு, தங்கை.

"அக்கா! நீ எங்க இங்க?"

அக்கா கதவுகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டாள். கதவு மூட வந்து, அவள் தோளில் இடித்துத் திரும்பிப் போனது.

"எல்லாரும் இறங்குங்க."

"ஏம்மா, இன்னும் ஒரே ஒரு மாடி. டீ ஆறிடும், தள்ளுங்க."

"இறங்குங்க. நான்தான் நேத்து இதுக்கு நம்பர் போட்டேன். தப்பா போட்டுட்டேன். கீழ போனா இடிக்கும். நான்தான் தப்பு பண்ணேன். கால்ல வேணாலும் விழறேன், இறங்கிருங்க."

பத்தொன்பது வருஷத்தில் 'தப்பு பண்ணேன்' என்று அவள் சொன்னதில்லை. சிரிப்பு நின்றது. முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். தங்கை கடைசி. அவள் வெளியே வந்ததும் அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் நிறுத்தினாள். கதவு மூடிக்கொண்டது. யாரோ ஏற்கனவே அழுத்தி வைத்திருந்ததால், காலி லிஃப்ட் கீழே இறங்கியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார்கள். கீழே டிங் என்று மணி அடித்தது. பூப்போல நின்று, கதவு திறந்த சத்தமும் கேட்டது.

"இதுக்கா இந்தக் கூத்து?" என்றாள் அந்த முன்வரிசைக்காரி. "நல்லாத்தானே நிக்குது!"

ஒரு மாடியிலிருந்து, ஆளில்லாமல், வேகமே பிடிக்காமல் போன லிஃப்ட் நிற்கத்தான் செய்யும் என்று விளக்க அக்காவிடம் மூச்சு இல்லை. அவர்கள் படியில் தடதடவென்று இறங்கினார்கள். அவர்களோடு முண்டியடித்து இறங்கி, வாட்ச்மேனின் நாற்காலியைத் தூக்கி லிஃப்ட் வாசலில் குறுக்கே போட்டாள். கதவு அதில் வந்து முட்டி முட்டித் திரும்பியது. கூட்டம் எதிரிலிருந்த டீக்கடைக்குப் போய்விட்டது. பையில் போன் துடித்துக்கொண்டிருந்தது. முதலாளியாகத்தான் இருக்கும்.

தங்கை ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கை அவள் முழங்கையில் இருந்த ரத்தத்தைத் துப்பட்டாவால் ஒற்றினாள்.

"உயிரே போயிருச்சுடி எனக்கு," என்றாள் அக்கா.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"பத்தேகாலுக்கு."

"அங்கருந்து இங்க வர இருபது நிமிஷம்தானே ஆகும்?"

டிராஃபிக் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். ஒரு மணிக்குப் போய் மாத்திக்கலாம்னு முதலாளி சொன்னாரு. சரின்னு சொல்லிட்டேன். நீ லீவுன்னு நினைச்சேன்டி."

ஒற்றிக்கொண்டிருந்த கை நின்றது. தங்கை வாசலுக்கு வெளியே பார்த்தாள். டீக்கடை நிழலில் அந்தப் பதின்மூன்று பேரும் கண்ணாடி தம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி அக்கா கதவில் நின்ற மாதிரி கையை விரித்து நடித்துக் காட்ட, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அவங்க யாரும் லீவு இல்லையேக்கா," என்றாள் தங்கை.